பீடி குடிக்காத பெரியம்மா

"ஊதுங்கம்மா... ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!"

இன்று காலை வேலூரில் நுரையீரல் பரிசோதனை அறை. குடியாத்தத்திலிருந்து பெரியம்மாவைக் கூட்டி வந்திருந்தேன். கன்னம் உப்ப ஊதினாங்க. பாதியிலேயே இருமல் வந்து குழாயை விட்டுட்டாங்க.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவங்க விரல்களை. சின்ன வயசிலிருந்து பீடி சுற்றிய விரல்கள். நுனியெல்லாம் காய்ப்பு. மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், நாலடி தள்ளி விறகடுப்பு. அப்படியே ஓடிப்போன வாழ்க்கை.

டாக்டர் சிஓபிடி என்றார். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, மூச்சு விடவே சிரமமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய்.

"நான் பீடி குடிச்சதே இல்லையே சார்!"

குடிக்க வேண்டியதில்லை பெரியம்மா. வருடக்கணக்கான அடுப்புப் புகையும் தூசியும் போதும். இப்படிச் சேதமான நுரையீரல் பழையபடி ஆகாது. இன்ஹேலர் மூச்சைக் கொஞ்சம் எளிதாக்கும்.

2016 கணக்குப்படி இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய். உலக மக்கள்தொகையில் நாம் 18 சதவீதம். நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாளில் நம் பங்கு 32 சதவீதம். இந்த இடைவெளி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சர்க்கரை பார்க்கிற மாதிரி மூச்சையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கணும்.

ஆராய்ச்சியும் இங்கேயே நடக்கணும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் பெண்களை, மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே, வருடக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்கணும். புகையிலைத் தூளால் எவ்வளவு, அடுப்பால் எவ்வளவு, எப்போதோ வந்துபோன காசநோயால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லணும். அதற்கு அரசு பணம் ஒதுக்கணும்.