94-ஆ, 100-ஆ? கோத்தகிரி வகுப்பறைக் குறிப்புகள்

நவம்பர் 5, செவ்வாய்

எட்டாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுகள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. தண்ணீரைக் கொதிக்கவைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் போட வேண்டும். எல்லா வரைபடமும் அழகாக ஏறி 100 டிகிரியில் போய் நிற்கிறது. ஆய்வகத்தில் நான் பார்த்தவரை எந்த வெப்பமானியும் 95-ஐத் தாண்டவில்லை. சில நோட்டுகளில் 94 என்று எழுதி ரப்பர் போட்டு அழித்த தடம்கூட இருக்கிறது.

ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வீடியோவுல 100-ன்னு சொன்னாங்க மிஸ். நம்ம வெப்பமானி பழசு."

பழசுதான். ஆனால் எல்லாமே ஒரே அளவு பழசாகுமா?

நவம்பர் 7, வியாழன்

வகுப்பிலேயே நடத்தும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த 40-இல் செயல்பாட்டுக்கு உரியது 20. அதைப் பெரும்பாலும் சார்ட்டின் அழகுக்கே கொடுத்துவிடுகிறோம். பிரவுசிங் சென்டரில் எடுத்த கலர் பிரிண்ட் அவுட்டை ஒட்டி வருகிறார்கள். "மேலும் படிக்க" என்ற நீல எழுத்து அதில் அப்படியே இருக்கிறது. அதை யாரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த முறை நோட்டில் மதிப்பெண் போடவில்லை. ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: "உன் வெப்பமானி என்ன காட்டியது?" இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நம் பிள்ளைகளும் அப்படித்தான். எண்ணைப் பார்த்ததும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், குறிப்பு அங்கேயே கிடக்கும்.

நவம்பர் 11, திங்கள்

காலையிலிருந்து வடகிழக்குப் பருவமழை. ஹைடெக் லேபில் நெட் வந்து வந்து போனது. நல்லவேளை, வீடியோக்களை முன்பே இறக்கி வைத்திருந்தேன்.

கொதிநிலை பற்றி மூன்று வீடியோக்கள். பார்த்துக்கொண்டே குறிக்க வேண்டியவை: யார் தயாரித்தது, எந்த இடத்துக்குப் பொருந்தும், எதைச் சொல்லாமல் விட்டது. படமும் இசையும் பிரமாதமாக இருந்த வீடியோவில் "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்", அவ்வளவுதான். இன்னொன்றில் கரும்பலகைக்கு முன் ஒருவர் நின்று பேசுகிறார், ஒலி கரகரக்கிறது. நடுவில் "கடல் மட்டத்தில்" என்று ஒரு சொல் போகிறபோக்கில் வந்தது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி நிறுத்தச் சொன்னாள். "மிஸ், நம்ம கடல் மட்டத்துல இல்லையே!"

அப்புறம் வகுப்பு தானாக ஓடியது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னாலேயே கொதித்துவிடும். தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கழித்துப் பார்த்தால் 94. "அதான் எங்க அம்மா பருப்பைக் குக்கர்லயே போடுறாங்க, சட்டியில வேகவே வேகாது" என்றான் ஒருவன். தேயிலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கும் அம்மாவுக்கு இந்தப் பாடம் முன்பே தெரிந்திருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழாவில் இரண்டு பீரியட் போயிற்று. மிச்ச நேரத்தில் மறுபடி கொதிக்கவைத்தோம். ஒரு குழுவுக்கு 94, இன்னொன்றுக்கு 95. எது சரி என்று சண்டை. பேக்கரியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வரச் சொன்னேன். உருகும் ஐஸ் மலையிலும் 0 டிகிரிதான். அழுத்தம் மாறினாலும் அது அசைவதில்லை என்றே சொல்லலாம். 95 காட்டிய வெப்பமானி ஐஸில் 1 காட்டியது. கழித்துக்கொண்டார்கள். 'பழசு' என்று ஒதுக்கிய கருவியை எப்படி நம்புவது என்று இன்று தெரிந்துகொண்டார்கள். எந்த வீடியோவும் இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

மதிப்பெண் பதிய வேண்டும், தள்ளிப்போட முடியாது. 20-ஐ இப்படிப் பிரித்தேன்: கண்ட அளவை அப்படியே எழுதியதற்கு 8, காரணத்துக்கு 6, வீடியோவை மதிப்பிட்டதற்கு 6. சார்ட் அழகுக்கு ஒன்றும் இல்லை. "பெற்றோர் கேட்பாங்களே?" என்றார் தமிழாசிரியை. கேட்கட்டும், நோட்டைக் காட்டுகிறேன்.

ஒரு நோட்டு மட்டும் இழுத்தது. அந்தப் பையன் 100-ஐ மாற்றவே இல்லை. ஆனால் கீழே, "இது வீடியோ அளவு. எனக்கு வந்தது 94" என்று எழுதியிருந்தான். முழு 8-ஐயும் கொடுத்தேன்.

நீலகிரியின் உயரமான சிகரமான தொட்டபெட்டாவில் கொதிக்கவைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள். 2,637 மீட்டர், 91-க்குப் பக்கத்தில் வர வேண்டும். அங்கே வனத்துறை அடுப்பு மூட்ட விடாது. ஒருத்திக்கு ஊட்டியில் சித்தி வீடு இருக்கிறது, சுமார் 2,240 மீட்டர். சனிக்கிழமை போகிறாளாம். போகும் முன்பே எதிர்பார்க்கும் எண்ணை எழுதிக் கொடு என்றேன். 92.5 என்று எழுதிக் கொடுத்து வெப்பமானியைக் கேட்டாள். ஐஸில் சரியாக 0 காட்டியதைத் தேடி எடுத்து, துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.