பூனை கடிச்சிருக்கும்

"பூனை கடிச்சிருக்கும்" என்று சொன்னது நான்தான். வளர்த்த பச்சோந்தி செத்துப்போய், அவர் கேட்டது வேறு. "ஈர்க்குச்சி குத்திருச்சோ டாக்டரம்மா?" இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் அசையாமல் நின்றுகொண்டே இருந்தார். வெறும் இல்லை அவருக்குப் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வார்த்தையாகப் பூனை வந்துவிட்டது.

பூட்டிக்கிடக்கிற பெரிய வீடு ஒன்றுக்குக் காவல் அவர். வீட்டுக்காரர்கள் முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்கு வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் அவரும் ஒரு பூனையும்தான். இரண்டாம் கட்டு மாதுளையிலிருந்து விழுந்த பச்சோந்தியை நாலு மாதமாக வளர்த்தாராம். பழைய ஓலைக் கொட்டான் ஒன்றில் துண்டு விரித்துக் கொண்டுவந்தார். கொட்டான் விளிம்பை இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் மூன்று விரலாகக் கிடுக்கிபோட்டுப் பிடித்திருந்தது அது. உடம்பு கருத்து, வாய் திறந்தபடி இருந்தது. தாடைக்கு அடியில் சுண்டைக்காய் அளவு வீக்கம். "தொடாதீங்க மேடம், விஷம்" என்றார் எங்கள் உதவியாளர். விஷமெல்லாம் கிடையாது. கட்சி மாறுகிறவர்களைத் திட்ட அதன் பெயரை எடுத்துக்கொண்டதைத் தவிர, நமக்கும் அதற்கும் வேறு பழக்கமும் கிடையாது.

எனக்கும் பழக்கமில்லை என்பதுதான் உண்மை. மாடு, ஆடு, கோழி என்று ஓடுகிற மருந்தகம். எங்கள் தராசு ஆட்டுக்குட்டிக்கே தடுமாறும். பக்கத்து அடகுக்கடையில் கொட்டானோடு வைத்து, அப்புறம் வெறும் கொட்டானை வைத்துக் கழித்தோம். 62 கிராம். மாட்டுக்குப் போடுகிற என்ரோபுளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை அந்த எடைக்குத் தகுந்தபடி நீர்க்கச் செய்வதற்கே கால் மணி நேரம் ஆனது. ஊர்வனவற்றுக்கு ஊசியை முன்பாதி உடம்பில்தான் போட வேண்டும், பின்காலில் போட்டால் மருந்து உடம்புக்குப் பரவும் முன்னே சிறுநீரகத்துக்குப் போய்விடும் என்பது மட்டும் படித்ததில் நினைவிருந்தது. முன்காலில் போட்டேன்.

வாயைத் திறந்து பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்குக்கு வலப்பக்கம், வாயின் அடித்தளத்தில் குண்டூசித் தலை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பச்சோந்தியின் நாக்கு நம் நாக்கு மாதிரி வாயில் படுத்துக் கிடப்பதில்லை. தொண்டையிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஓர் எலும்பு முனையில், சட்டைக்கையைச் சுருட்டி ஏற்றியது போல அடுக்கி வைத்திருக்கிறது. உடம்பு நீளத்தைத் தாண்டி நீள்கிற நாக்கு அத்தனையும் அந்தக் கொஞ்ச இடத்துக்குள் இருக்கிறது. அங்கே குத்துப்பட்டுச் சீழ் வைத்தால், நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிற மூச்சுக்குழல் வாயும் அடைபடும். அதன் சீழும் வடியாது. பன்னீர்க்கட்டி போல இறுகிவிடும். நம்மைப் போல உதரவிதானமும் இல்லை, பலமாக இருமித் தள்ள வழியில்லை.

இரை எடுக்கவில்லை என்று ஐந்தாறு நாளாக வாயைப் பிளந்து, ஈர்க்குச்சியில் வெட்டுக்கிளியைக் குத்தி உள்ளே தள்ளியிருக்கிறார். தண்ணீர் பாலாடையில். இலைமேல் தெளித்தால் துளியை நக்கிக் குடித்திருக்கும். கைக்குழந்தைக்குச் செய்கிறதை அதற்கும் செய்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் செத்துக்கிடந்ததை அதே கொட்டானில் கொண்டுவந்தார். அறுத்துப் பார்க்கட்டுமா என்றேன். "வேணாம் ஆத்தா, பட்டது போதும்" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

பூனைப்பல் வெளியிலிருந்து உள்ளே போகும். வெளித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. இது தெரிந்தேதான் சொன்னேன். எழுபதை நெருங்குகிற மனிதர், பேச்சுத்துணையாக வைத்திருந்த ஒன்றைத் தன் கையாலேயே கொன்றோம் என்று அந்த வளவில் தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாயை இரண்டு நாளும் நானும் இடுக்கியால் திறந்தேன். இறுகிய சீழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தேன். இரண்டாம் நாள் லேசாக ரத்தம் வந்தது. குச்சி என்றால் அடுத்து இடுக்கி என்ற பேச்சு வராமல் இருக்குமா? அவர் கேட்டிருக்க மாட்டார். நான் கேட்டிருப்பேன். அப்படியென்றால் பூனையைக் கூப்பிட்டது யாரைக் காப்பாற்ற?

சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். அது முதலில் ஏன் இரை எடுக்காமல் போனது? பூனை ஒரு தட்டுத் தட்டி, வெளியே தெரியாத அடி பட்டிருந்தால்? அதற்குப் பிறகுதானே ஈர்க்குச்சி வந்தது? அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேணாம் என்று அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்ததை மறைக்க முடியவில்லை.

பதிவேட்டிலும் எழுதவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியை வீட்டில் வைக்கக் கூடாது. உரிமையாளர் என்ற கட்டத்தில் அவர் பெயரைப் போட்டால் அவருக்குத் தொல்லை. முதல் நாளே வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைய பக்கத்தில் இரண்டு ஆடும் ஒரு கிடேரியும்தான் இருக்கின்றன.

பத்து நாள் கழித்துக் கோமாரி ஊசிக்கு அந்தத் தெருவுக்குப் போனபோது கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். முகப்பில் பூனையின் கொட்டாங்கச்சி கவிழ்த்து வைத்திருந்தது. எங்கே என்றேன். "சாக்குல போட்டுப் பிள்ளையார்பட்டிப் பக்கம் விட்டுட்டு வந்துட்டேன். அது மூஞ்சியப் பாத்தா சோறு எறங்கல டாக்டரம்மா." ஏழு வருஷப் பூனை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

போன வாரம் போன் செய்தார். வீட்டில் எலித்தொல்லை தாங்கவில்லையாம், பர்மாத்தேக்கு நிலையையே கொறிக்கிறதாம். "உங்ககிட்டதான் நாலு பேரு வருவாங்களே, நல்ல குட்டியா ஒரு பூனை கிடைக்குமா?"

பார்க்கிறேங்கய்யா என்றேன்.