ஒற்றை நாற்று பிறந்த ஊருக்கு

அப்பா முதன்முதலாக நெல்லில் ஒற்றை நாற்று நட்ட வருடம், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரே வரப்பில் வந்து நின்றது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு, அதாவது நடும் இடத்துக்கு, ஒன்றே ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி. நட்டு முடித்த பிறகும் வயல் வெறும் சேறாகத்தான் கிடந்தது. “பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேற்றில் தள்ளிவிட்டாயே” என்று பெரியப்பா சத்தம் போட்டார். ஒன்றரை மாதத்தில் பக்கக் கிளைகள் வெடித்துத் தூர் கட்டிய ஒரு குத்து என் இரண்டு கைப்பிடிக்குள் அடங்கவில்லை.

அந்த முறை பிறந்த இடம் மடகாஸ்கர். 1983ஆம் ஆண்டுப் பருவத்தில் மழை பொய்த்தபோது, ஆன்ட்சிராபே என்ற மலைநகரில் ஹென்றி டி லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வேறு வழியில்லாமல் பதினைந்து நாள் நாற்றையே பறித்து நட்டார். அங்கேதான் வரும் மே மாதம் போகிறேன். இதுவரை நான் கடல் தாண்டியதில்லை.

நாளைக் குறிப்பதே பெரிய வேலையாக இருந்தது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். மழை விட்டு மலைப்பகுதியில் நெல் அறுப்பது ஏப்ரல், மே மாதங்களில். நமக்கோ பங்குனியில் உளுந்து எடுத்தாக வேண்டும், ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்கு வயலில் நின்றாக வேண்டும். இடையில் கிடைத்த பதினைந்து நாள்தான் எனக்கு.

நேரடி விமானம் கிடையாது. மும்பையிலிருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, அங்கிருந்து மடகாஸ்கரின் தலைநகர் அன்டனனரிவோ. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்பதால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே ஊசிச் சான்றிதழைக் கேட்கலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ப் போட்டு வந்துவிட்டேன். கொசு மருந்தும் வலையும் தனி.

தலைநகரிலிருந்து ஆன்ட்சிராபேக்கு 170 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலை, குறுகலானது. ‘டாக்சி புரூஸ்’ என்ற பங்கு வேன் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். இரவில் போகாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள், கேட்கத்தான் போகிறேன். பணத்தை ரொக்கமாக யூரோவில் கொண்டுபோய் மாற்ற வேண்டும். அங்குள்ள மிகப் பெரிய நோட்டே 20,000 அரியாரி, நம் கணக்கில் சுமார் 400 ரூபாய். பத்து நாள் செலவுக்கு ஓர் இடுப்புப் பை நிறைய நோட்டு வேண்டியிருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் கவலையே இல்லை. மூன்று வேளையும் சோறு உண்கிற மக்கள். பானையின் அடியில் பிடித்த காந்தலில் நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, சாப்பாட்டோடு குடிக்கிறார்களாம். ‘ரனுவுலா’ என்று பெயர். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த நாடு பக்கத்து ஊராகிவிட்டது.

அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் கட்டாமல் வயலை எத்தனை நாள் காயவிடுகிறார்கள்? களைக்கருவியை எத்தனை முறை ஓட்டுகிறார்கள்? குளிரில் நாற்று எப்படித் தேறுகிறது? மன்னார்குடியில் பிரெஞ்சு தெரிந்த ஓர் ஆசிரியை அவற்றை மொழிபெயர்த்துக் கொடுத்தார். விதைநெல் கொண்டுபோக ஆசைதான், ஆனால் அனுமதியில்லாமல் எந்த நாட்டுக்கும் விதை எடுத்துப் போகக்கூடாது. பதிலாக, 25 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சாக அப்பா கட்டிய நடவுக் கயிற்றைக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அங்கே வரப்பில் நிற்கிற யாராவது ஒருவரிடம் அதை விரித்துக் காட்ட வேண்டும்.