மார்கழி ஞாயிறும் நாலு லேப்டாப்பும்

பிளஸ் டூ பிள்ளைகளுக்காகக் கல்லூரி விழிப்புணர்வு இயக்கம் தொடங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, தொடக்க விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்பதுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மத்தியானம் மண்டபத்தை விட்டுப் போகும்போது எத்தனை வீட்டார் கையில் சாதி, வருமானம், முதல் பட்டதாரி போன்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீது இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த விழாவை எடைபோட வேண்டும்.

நம் கொங்குப் பக்கத்துக்குத் தோதான நாள் மார்கழி ஞாயிறு. முகூர்த்தம் இல்லாத மாதம், மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அரையாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். அப்போது விண்ணப்பித்தால் மார்ச் பொதுத்தேர்வுக்கு முன்பே சான்றிதழ் கைக்கு வந்துவிடும். தை பிறந்தால் கல்யாணமும் பழனி பாதயாத்திரையும் தொடங்கிவிடும், வீட்டில் பெரியவர்களைப் பிடிக்க முடியாது. மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் இ-சேவை மையத்தில் ஊரே நிற்கும். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், அது சம்பள நாள். ஞாயிறு காலை பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு வையுங்கள்.

அழைப்பு பிள்ளைகளுக்குப் போனால் பிள்ளைகள் மட்டும் வருவார்கள். படிக்க வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அப்பாவும் அம்மாவும்தான். "படிச்சு என்னங்க பண்றது, பனியன் கம்பெனிக்குப் போனா வாராவாரம் காசு வருதுங்க" என்று சொல்கிறவரைத்தான் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். வாட்ஸ்அப் அவரிடம் போய்ச் சேராது. காலையில் பால் ஊற்ற சொசைட்டிக்கு வருகிறவர் கையில் நோட்டீஸைக் கொடுங்கள். ரேஷன் கடை, விசைத்தறிக் கூடம், கம்பெனி கேட் என்று ஆயிரம் நோட்டீஸ் போதும். பள்ளி வழியாகவும் சொல்ல வேண்டும் என்றால் தலைமையாசிரியருக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் போக வேண்டும், அவர் மேலே கேட்டுத்தான் சொல்வார். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ஒரே வரி: "ஆதாரில் பதிந்த நம்பர் உள்ள போனைக் கையோடு கொண்டு வாருங்கள்."

அந்த ஒரு வரியை விட்டுவிட்டு நடத்திய முகாம்கள் ஓடிபி வராமல் அப்படியே நிற்கும். போன் தோட்டத்தில் இருக்கிற அப்பாவிடம் இருக்கும், இல்லையென்றால் சிம் ரீசார்ஜ் போடாமல் செத்திருக்கும். ஒரு விண்ணப்பத்துக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். நாலு லேப்டாப், நாலு ஆட்கள், இரண்டு மணி நேரம் என்றால் 32 விண்ணப்பம்தான் முடியும். 120 குடும்பம் வந்தால் மற்றவர்களுக்கு டோக்கன் போட்டு அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தேதி கொடுங்கள். ஸ்கேனர் ஒன்று கட்டாயம், போனில் எடுத்த படம் பெரிய பைலாக இருந்தால் ஏறாது. சான்றிதழ் ஒன்றுக்குக் கட்டணம் 60 ரூபாய், சில்லறை எடுத்து வையுங்கள். மண்டபத்துக்குள் நெட் பெரும்பாலும் இழுக்கும், முந்தின நாளே போய் எந்த சிம் எடுக்கிறது என்று பார்த்து மேஜையை அந்த மூலையில் போடுங்கள்.

லேப்டாப்புக்கு முன்னால் ஒரு மேஜை தனியாக வேண்டும், பெயர் சரிபார்க்க. ஆதாரில் பழனிசாமி, ரேஷன் கார்டில் பழனிச்சாமி, பையனின் மார்க்ஷீட்டில் இனிஷியல் மட்டும். ஆங்கில எழுத்திலோ அதே பெயர் மூன்று விதம். பென்சிலால் வட்டம் போட்டு, எதை முதலில் திருத்த வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. நிதானமான, கையெழுத்து நன்றாக இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அங்கே உட்கார வையுங்கள்.

மேடைக்கு நாற்பது நிமிடம் போதும். கரும்பலகை ஒன்று வைத்து இன்ஜினியரிங் கட்ஆஃப் போட்டுக் காட்டுங்கள்: கணிதம் 90 அப்படியே, இயற்பியல் 84-இல் பாதி 42, வேதியியல் 88-இல் பாதி 44, மொத்தம் 200-க்கு 176. பின் வரிசை அம்மாக்கள் விரல்விட்டு எண்ணுவார்கள், அவர்கள் எண்ணி முடிக்கும்வரை பேசாமல் நில்லுங்கள்.

சலுகைகளைச் சொல்லும்போது குழப்பிவிடக் கூடாது. தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பெண்களுக்கான புதுமைப்பெண்ணும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிய, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனும் கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் தரும் திட்டங்கள். இவை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஒதுக்கீட்டையும் இந்த ஆயிரம் ரூபாயையும் ஒன்றாக்கிச் சொல்லிவிட்டால் உதவிபெறும் பள்ளிப் பெற்றோர் ஜூலையில் ஏமாந்து நிற்பார்கள். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் அட்வான்ஸ் கட்டியவருக்கு அது போய்விடும். இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

ஆகவேதான் தனியார் கல்லூரியிடம் ஸ்பான்சர் வாங்கக் கூடாது என்கிறேன். பேனரும் பையும் தருகிறோம் என்று நிச்சயம் வருவார்கள். வாங்கினால் வாசலில் அவர்கள் மேஜையும் வரும், பிள்ளைகளின் போன் நம்பர்கள் அன்றைக்கே அவர்கள் கைக்குப் போகும். அரிமா சங்கம், ஊர் ரைஸ் மில், டையிங் முதலாளி என்று கேட்டால் தருவார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. 240 டீக்கு, லிட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் சேர்த்தால், 16 லிட்டர் பால். கூடவே அவித்த கள்ளக்காய், அதாவது நிலக்கடலை. பொன்னாடை, மாலைச் செலவை ஸ்கேனர் வாடகைக்குத் திருப்புங்கள். மைக்குக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தாலும் கரும்பலகையும் லேப்டாப்பும் பத்தரைக்கே ஓட வேண்டும், வந்ததும் பத்து நிமிடம் பேசட்டும். அவரைவிடக் கூட்டம் காது கொடுத்துக் கேட்பது, பக்கத்து ஊரிலிருந்து கோவை ஜிசிடி என்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கோ வேளாண் பல்கலைக்கோ போய்ப் படிக்கிற பெண் பேசுவதை. ஹாஸ்டல் எப்படி, பஸ் எத்தனை மணிக்கு, மாதம் எவ்வளவு செலவு என்று அம்மாக்கள் அந்தப் பிள்ளையிடம்தான் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.

வாசலில் ஒரு நீள நோட்டு இருக்கட்டும்: பெயர், பள்ளி, போன், விண்ணப்ப எண், என்ன பாக்கி. திங்கட்கிழமை அந்த நோட்டோடு விஏஓ ஆபீசுக்கு ஒருவர் போக வேண்டும். விண்ணப்பம் அவரிடம் போய், ஆர்ஐ என்கிற வருவாய் ஆய்வாளர் பார்த்து, அப்புறம்தான் தாலுகா ஆபீசுக்கு நகரும். பத்து நாள் கழித்து எந்த எண் எங்கே நிற்கிறது என்று பார்த்து, திருப்பி அனுப்பியவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் காரணத்தை எழுதி, அந்தந்த வீட்டுக்குப் போன் போடுங்கள்.