சோலைக்காட்டின் மெல்லிலைப் பெரணி

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரணிகளை, அதாவது பூக்காமல் நுண்ணிய வித்துகளால் பெருகும் தாவரங்களை, கணக்கெடுக்கும் பணியில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஹைமனோஃபில்லம் என்னும் மெல்லிலைப் பெரணிப் பேரினம். நீலகிரி, பழனி மலைகளின் உயரமான பகுதிகளில், புல்வெளிகளுக்கு இடையே அடர்ந்து நிற்கும் சோலைக்காடுகளுக்குள், நீரோடையை ஒட்டிய பாறைகளிலும் பாசி போர்த்திய அடிமரங்களிலும் இதைத் தேட வேண்டும். நூல் போன்ற வேர்த்தண்டு பாசிக்குள் ஊர்ந்து செல்ல, அதிலிருந்து விரல் நீளத்தை ஒட்டிய சிறு இலைகள் எழுகின்றன. புதியவர்கள் இதைப் பாசி என்றே எண்ணிக் கடந்துவிடுவார்கள். கைவில்லையை வைத்து, இலைநுனிகளில் வித்தகங்களை (வித்துப் பைகளை) மூடியிருக்கும் இரட்டை இதழ் உறையைக் காட்டிய பிறகுதான் நம்புவார்கள்.

இதன் வாழ்க்கை முழுவதையும் தீர்மானிப்பது இலையின் அமைப்பு. நரம்புகளைத் தவிர்த்த இலைப்பரப்பு பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. அதில் இலைத்துளைகள் இல்லை, நீரிழப்பைத் தடுக்கும் மெழுகுப்பூச்சும் மிகக் குறைவு. காற்றில் ஈரம் இருந்தால் இலை முழுவதுமாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது, ஈரம் போனால் அதே வேகத்தில் இழந்துவிடுகிறது. மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுருண்டு பழுப்பேறிக் கிடக்கும் பெரணித் திட்டைச் செத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது. மூடுபனி இறங்கி நனைந்தால் சில மணி நேரத்தில் விரிந்து பச்சையாகிவிடும். ஆனால் அந்தத் தாங்குதிறனுக்கும் எல்லை உண்டு. நேரடி வெயிலை அது நெடுநாள் பொறுக்காது.

1860களில் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பெட்டோம் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் வெளியிட்ட காலத்துக்குப் பின், இம்மலைகளின் புல்வெளிகளில் பெரும்பகுதி வாட்டில் (வெளிநாட்டு அகேசியா), யூக்கலிப்டஸ் மரத் தோட்டங்களாக மாறியது. சோலைகளின் ஓரங்களும் துண்டுபட்டன. இப்பெரணியை வித்து வங்கியில் சேமித்துக் காப்பதும் எளிதன்று, ஏனெனில் பச்சையம் கொண்ட இதன் வித்துகள் நெடுநாள் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே வாழிடத்திலேயே இதைக் காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் களப்படிவத்தில் பெயருக்கும் எண்ணிக்கைக்கும் அடுத்தபடியாக, பாறை எத்திசை நோக்கியது, ஓடை எவ்வளவு தொலைவில் உள்ளது, மேலே கிளை பரப்பி நிற்கும் மரம் எது என்பவற்றையும் தவறாமல் எழுதுகிறோம். நிழல் தந்த மரம் ஒன்று காற்றில் சாய்ந்த இடத்தில், அதன் கீழிருந்த திட்டு அடுத்த கோடையில் பாதிக்கு மேல் கருகிப்போனதைப் பார்த்த பிறகுதான் மரத்துக்கான அந்தக் கட்டம் படிவத்தில் சேர்க்கப்பட்டது.