அவிநாசியில முகம் மலர்ந்து நின்னவங்க

அவிநாசி கோயிலுக்குப் போனா எல்லாரும் முதலை கதையத்தான் சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கதையில உசுரா இருக்கறது முதலை விழுங்குன புள்ளையோட அப்பா அம்மாதாங்க.

தேவாரம் பாடின சுந்தரர் மலைநாட்டுக்கு சேர ராஜா சேரமான் பெருமாளப் பார்க்கப் போற வழியில இங்க வர்றார், அப்ப ஊர் பேரு புக்கொளியூர். எதிரெதிர் வீடு, ஒண்ணுல பூணூல் கல்யாண மேளச்சத்தம், இன்னொண்ணுல அழுகை. விசாரிச்சா, ரெண்டு வீட்டுப் பசங்களும் அஞ்சு வயசுல ஒண்ணா குளிக்கப் போயிருக்காங்க, ஒருத்தன முதலை விழுங்கிருச்சு, தப்பிச்சவனுக்குத்தான் இன்னைக்குப் பூணூல். இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு எதிர்வீட்டுல எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. ஆனா வந்திருக்கறது சுந்தரர்னு தெரிஞ்சதும் அந்த அப்பா அம்மா ரெண்டு பேரும் முகம் மலர்ந்து ஓடி வந்து கும்புடறாங்க. புள்ளைய எழந்தது நீங்கதானான்னு அவர் கேக்க, அது முன்னாடியே நடந்து போனதுங்க சாமி, உங்கள கும்புடணும்ங்கற ஆசை வீண்போகாம நீங்களே வந்துட்டீங்கன்னு சொல்றாங்க.

பெரிய புராணத்துல வெள்ளானைச் சருக்கத்துல இந்த எடத்த படிக்கறப்பெல்லாம் எனக்கு தொண்டை அடைச்சிரும். புள்ள போன துக்கத்த மறந்து நான் வந்ததுக்கு சந்தோஷப்படறாங்களேன்னு சுந்தரர் உருகிப்போய், அந்தப் புள்ளைய மீட்டுக் குடுத்துட்டுத்தான் அவிநாசியப்பனையே கும்புடுவேன்னு குளத்துக்குக் கிளம்பிடறார். அழுகை கேட்டப்ப விசாரிச்சார், அந்த மலர்ந்த முகத்தப் பார்த்தப்புறம்தான் "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச் சொல்லு காலனையே"ன்னு பாடினார். முதலையும், போன வருஷங்களுக்கான வளர்த்தியோட பையனக் கொண்டாந்து கரையில விட்டுச்சு.

சிரிச்ச முகமா இருக்கறவங்கள அவங்களுக்கென்ன கவலைன்னு நாம லேசா சொல்லிடறோம், எனக்கு அது பொறுக்கவே மாட்டேங்குது. வந்தவங்க மனசு வாடக்கூடாதுன்னு தன் பாரத்த ஓரமா எறக்கி வெக்கறதுக்கு உள்ளார எவ்வளவு எடம் இருக்கணும்!

இந்தத் தடவ பெரியம்மாவோட போனேன். பெரியப்பா போயி இன்னும் வருஷம் திரும்பல. அவிநாசியப்பனுக்கு வலது பக்கமா இருக்கற கருணாம்பிகை சன்னதியில ஒரு பொண்ணு தூணோரமா நின்னு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அழுதுட்டு இருந்தது, எல்லாரும் பார்த்தும் பாக்காத மாதிரி நகர்ந்தாங்க, நானும்தான். பெரியம்மா நேரா போயி கையப் புடிச்சு, "அம்மன் முன்னால அழுவறதுக்கு என்ன கண்ணு கூச்சம், நல்லா அழுவு, ஆனா நின்னுக்கிட்டே அழுவாத, காலு வலிக்கும், வா உக்காந்து அழுவலாம்"னாங்க. அழுதுட்டே அந்தப் பொண்ணுக்கு சிரிப்பு வந்துருச்சு. ரெண்டு பேரும் உக்காந்தாங்க, என்ன விஷயம்னு பெரியம்மா ஒரு வார்த்தை கேக்கல, மடியில இருந்த பூவக் கிள்ளி தலையில வெச்சு விட்டு, ஊரு எது, காலைல சாப்ட்டியா, இவ்வளவு மெலிஞ்சிருக்கியேன்னு மட்டும் பேசினாங்க.

அடுத்து திருமுருகன்பூண்டி போறதா பிளான், பக்கம்தான், மனசு செரியில்லாதவங்கள கூட்டிட்டு வர்ற கோயில் அது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா பின்னாடியே அந்தப் பொண்ணும் வருது. "இவளும் வர்றா, டிக்கெட்ட மூணா எடு"ன்னுட்டு பெரியம்மா முன்னாடி ஏறி ஜன்னலோரத்த அவளுக்குக் குடுத்துட்டாங்க.