புதன்கிழமையைக் காணோம்

நியூயார்க்குக்கு டிக்கெட் போட்ட அன்றே மகள் தன் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தையல் நூலின் ஒரு முனையை அவள் சிங்கப்பூரில் அழுத்திப் பிடிக்க, மறுமுனையை நான் நியூயார்க்குக்கு இழுத்தேன். இழுக்க இழுக்க நூல் வழுக்கி மேலே ஏறி, கடைசியில் வட துருவத்தை ஒட்டிப் போய் நின்றது. இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 178 பாகை இடைவெளி, அதாவது ஏறக்குறைய பூமியின் மறுபக்கம். அதனால் குறுக்கு வழி என்றால் துருவம்தான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை அந்த நூல் கணக்கு சுமார் 15,350 கிலோமீட்டர்.

"அப்போ பனிக்கரடி தெரியுமாப்பா?" என்றாள்.

தெரியவில்லை. ஜனவரி மாதம் நான் போன விமானம் துருவத்தின் பக்கமே தலைவைக்கவில்லை. திரையில் பார்த்தால் ஜப்பானைத் தாண்டி பசிபிக்கில் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. காரணம், ஜெட் ஸ்ட்ரீம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் இந்தக் காற்றாறு குளிர்காலத்தில் இன்னும் வேகமெடுக்கும். அது முதுகைத் தள்ள, ஒரு கட்டத்தில் வேகம் மணிக்கு 1,100 கிலோமீட்டரைத் தாண்டியது. நூல் காட்டிய வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று, ஆனாலும் பதினேழேகால் மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். மதியம் ஏறியவன் அதே நாள் மாலை நியூயார்க்கில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன். குளிர்காலத்தில் அங்கே கடிகாரம் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

இவ்வளவு தூரத்துக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரகம் அது. 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். மொத்தமே 161 இருக்கைகள்தான். சாதா எகானமி கிடையாது, பர்சுக்குத்தான் வலி. பிரீமியம் எகானமியின் கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் உண்டு. முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிடுங்கள். யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போய்வரலாம், பதினெட்டு மணி நேரப் பயணத்தில் அது பெரிய வரம். இதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே பக்கத்து நெவார்க்குக்கு நேரடியாகப் பறந்தது. அப்போது ஓட்டிய ஏர்பஸ் ஏ340-500 விமானத்துக்கு நான்கு இன்ஜின். எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தி, 2018-ல் இந்த இரண்டு இன்ஜின் விமானத்தோடு திரும்ப வந்தார்கள்.

திரும்பும்போதுதான் வேடிக்கை. வந்த வழியே போனால் அதே காற்று முகத்தில் அறையும். அதனால் அட்லாண்டிக், ஐரோப்பா, இந்தியா, வங்காள விரிகுடா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே பறந்தோம். பதினெட்டரை மணி நேரம். போனதும் கிழக்கு, வந்ததும் கிழக்கு. ஆக, ஒரே ரிட்டர்ன் டிக்கெட்டில் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியாகிவிட்டது. மகளிடம் சொன்னதும் நூலை உருண்டையில் சுற்றிப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.

செவ்வாய் இரவு பத்தரைக்கு ஏறி, வியாழன் விடியற்காலை சாங்கியில் இறங்கினேன். நடுவில் இருந்த புதன், ஜன்னலை மூடிய இருட்டில் இரண்டு சாப்பாட்டுக்கும் ஒரு தூக்கத்துக்கும் இடையில் கழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். பயணம் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

"நேத்து புதன்கிழமையாச்சே, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியா?"